எக்ஸ் சர்வரும் வேலண்டும் இல்லாம ரெண்டு ஆப் ஒரே ஜிபியு பஃபரை பகிர்ந்துக்கறது எப்படி: லினக்ஸ்ல முழு வழிகாட்டி

லினக்ஸ்ல ஒரு ஆப் வரைஞ்ச படத்தை இன்னொரு ஆப் எடுத்து ஸ்கிரீன்ல காட்டணும்னா நடுவுல எக்ஸ் சர்வரோ வேலண்ட் கம்பாசிட்டரோ (ஆப்களோட படத்தை வாங்கி சேத்து காட்டற டிஸ்ப்ளே சர்வர்கள்) இருந்தே ஆகணும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. உண்மையில அந்த பகிர்ற வேலையை செய்யறது கெர்னல், டிஸ்ப்ளே சர்வர் வெறும் நடுவர் தான், அந்த நடுவர் வேலையை நீங்களே ஒரு சின்ன ப்ரோக்ராமா எழுதிக்கலாம்.

இது யாருக்கு தேவைப்படும்னா டிக்கெட் மெஷின், கார் டேஷ்போர்டு, கடை வாசல்ல ஓடற விளம்பர ஸ்கிரீன், ராஸ்பெர்ரி பை வச்சு பண்ற கியாஸ்க் மாதிரி இடங்கள்ல வேலை பாக்கறவங்களுக்கு. அங்க வீடியோ ஓட்டறது ஒரு ப்ராசஸ், மெனு வரையறது இன்னொரு ப்ராசஸ், ரெண்டையும் சேத்து காட்ட மூணாவதா ஒண்ணு. வீடியோ பிளேயர் க்ராஷ் ஆனாலும் மெனு நிக்கணும், அதனால எல்லாத்தையும் ஒரே ப்ராசஸ்ல போட்டு அடைக்க முடியாது.

பிக்சலை காப்பி பண்ணி அனுப்பினா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டு பாத்துடுங்க. 1920க்கு 1080 ஃப்ரேம், பிக்சலுக்கு 4 பைட், ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 8.3 எம்பி. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா 500 எம்பிக்கு பக்கத்துல. 4கே ஸ்கிரீன்னா செகண்டுக்கு 2 ஜிபி. அதுவும் ஜிபியுல இருந்து மெமரிக்கு இறக்க ஒரு தடவை, திரும்ப ஏத்த ஒரு தடவை. சின்ன போர்டுல இது நடக்கற காரியமே இல்ல. அதனால பிக்சல் இருந்த இடத்துலயே இருக்கட்டும், அதை தொடற உரிமையை மட்டும் கைமாத்துவோம்.

நான் இங்க திரும்ப திரும்ப சொல்லப்போறது ஒரே விஷயம் தான்: பஃபரை, அதாவது படம் இருக்கற மெமரி துண்டை, அனுப்பறது சுலபம், ஒரு நாள்ல எழுதி முடிச்சிடலாம். யார் அலகேட் பண்றது (மெமரி ஒதுக்கறது), மெமரிக்குள்ள பிக்சல் எப்படி அடுக்கி இருக்கு, எப்ப யார் தொடலாம், இந்த மூணுலயும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போறது தான் நிஜமான வேலை.

கெர்னல்ல ஏற்கனவே என்னென்ன இருக்கு

அடிப்படை டிஎம்ஏ-பஃப். 2012ல லினக்ஸ் 3.3ல வந்துச்சு, சுமித் செம்வால் எழுதி சேத்தது. ஒரு ஜிபியு பஃபரை சாதாரண ஃபைல் டிஸ்க்ரிப்டரா (திறந்த ஃபைலை குறிக்கற எண்) மாத்தி கொடுக்கும், அந்த எண்ணை யூனிக்ஸ் சாக்கெட் வழியா இன்னொரு ப்ராசஸ்கிட்ட தள்ளலாம். வீட்டையே பெயர்த்து கொடுக்காம டூப்ளிகேட் சாவி போட்டு கொடுக்கற மாதிரி, யார் கையில சாவி இருந்தாலும் அதே வீடு தான், கடைசி சாவியும் திரும்பி வந்தா தான் கெர்னல் வீட்டை இடிக்கும்.

அதுக்கு முன்னாடி ஃப்ளிங்க்னு ஒரு முறை இருந்துச்சு. பஃபருக்கு சிஸ்டம் முழுக்க செல்லற ஒரு எண் கொடுப்பாங்க, அந்த எண்ணை யூகிச்சு யார் வேணா அடுத்தவன் ஸ்கிரீனை படிச்சிடலாம். பழைய டுடோரியல்ல அதை பாத்தா அப்படியே விட்டுடுங்க, புதுசா எழுதற எதுலயும் அது வேண்டாம்.

அடுத்தது ரெண்டு வித டிவைஸ் நோட். டெவ் ஃபோல்டருக்குள்ள டிஆர்ஐன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல கார்டு0 மாதிரி ஒண்ணு, ரெண்டர்டி128 மாதிரி ஒண்ணு. கார்டு நோட் ஸ்கிரீனை கட்டுப்படுத்தும், அதுக்கு ஒரு நேரத்துல ஒரே ஒரு மாஸ்டர் (ஸ்கிரீனை மாத்தற உரிமை உள்ள ப்ராசஸ்) தான். ரெண்டர் நோட் வெறும் கணக்கு போட, வரைய மட்டும், எத்தனை பேர் வேணா திறக்கலாம், மாஸ்டர் கிட்ட அனுமதி கேக்க வேண்டாம். இந்த பிரிவினையை டேவிட் ஹெர்மன் 2013ல கொண்டு வந்தார், 3.12ல சோதனைக்கு வந்து 3.17ல இருந்து எல்லாருக்கும் தானாவே கிடைக்குது. நம்ம வடிவமைப்பே இதை நம்பித்தான் நிக்குது: மெனு ஆப்பும் வீடியோ ஆப்பும் ரெண்டர் நோடை மட்டும் திறக்கும், காட்டற ப்ரோக்ராம் மட்டும் கார்டு நோடை திறக்கும். அந்த மூணாவதை இனிமே காட்டுநர்னு சொல்றேன்.

முதல்ல மெஷினை தயார் பண்ணுங்க

உங்க யூசர் ரெண்டர் குரூப்லயும், காட்டுநரை ஓட்டற யூசர் வீடியோ குரூப்லயும் இருக்கணும், டெபியன் உபுண்டு பக்கம் அப்படித்தான் வச்சிருக்காங்க. டெஸ்க்டாப் ஓடிட்டு இருக்கற மெஷின்ல இதை முயற்சி பண்ணினா மாஸ்டர் ஏற்கனவே அதுகிட்ட இருக்கும், உங்க கமிட் (ஸ்கிரீன்ல இதை காட்டுன்னு கெர்னலுக்கு கொடுக்கற கட்டளை) எல்லாம் பர்மிஷன் டினைடுன்னு திரும்பி வரும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேத்து அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்கு போய் அங்க லாகின் பண்ணி ஓட்டுங்க, இல்ல சிஸ்டம்டியை மல்டி யூசர் டார்கெட்டுக்கு மாத்திட்டு ஓட்டுங்க. ப்ரொடக்‌ஷன்ல ரூட்டா ஓட்டாதீங்க, சீட்டிடி இல்ல லாகின்டி (டிவைஸ் அனுமதியை பாத்துக்கற சர்வீஸ்கள்) மூலமா டிவைஸை வாங்கிக்கோங்க, கன்சோல் மாறும்போது மாஸ்டரை விட்டுக்கொடுக்கறது திரும்ப வாங்கறது எல்லாம் அது பாத்துக்கும்.

அப்புறம் மோட்டெஸ்ட், டிஆர்எம் இன்ஃபோ இந்த ரெண்டு டூலையும் இன்ஸ்டால் பண்ணி அவுட்புட்டை பொறுமையா படிங்க. எத்தனை பிளேன் (ஒரு பஃபரை ஸ்கிரீன்ல நேரா வைக்கற ஹார்ட்வேர் அடுக்கு) இருக்கு, ஒவ்வொரு பிளேனும் எந்த ஃபார்மேட்டை ஏத்துக்கும், எந்த மாடிஃபையரை (மெமரில பிக்சல் அடுக்கற முறை, பின்னாடி விளக்கறேன்) ஏத்துக்கும்னு அதுலயே இருக்கும். கேஎம்எஸ்கியூப்னு ஒரு குட்டி ப்ரோக்ராமோட சோர்ஸையும் பக்கத்துல திறந்து வச்சுக்கோங்க, சுத்தற ஒரு கனசதுரம் தான், ஆனா டிஸ்ப்ளே சர்வர் இல்லாம வரையற முழு வழியும் அதுல இருக்கு.

யார் அலகேட் பண்றது

இதை முதல் நாளே முடிவு பண்ணுங்க, பின்னாடி மாத்தறது ரொம்ப கஷ்டம். சாதாரண லேப்டாப்ல வரையற ஆப்பே ஜிபிஎம் (பஃபர் ஒதுக்கி கொடுக்கற லைப்ரரி) வழியா பஃபர் எடுத்தாலும் ஸ்கிரீனுக்கு போயிடும், ஏன்னா வரையற சிப்பும் காட்டற சிப்பும் ஒண்ணு. ராஸ்பெர்ரி பை 4ல கதை வேற. அங்க வரையறது வி3டி, காட்டறது விசி4, ரெண்டும் கெர்னலுக்கு தனித்தனி டிவைஸ். வி3டிக்கு தனி எம்எம்யு (மெமரி முகவரியை மாத்தி கொடுக்கற பகுதி) இருக்கு, அதனால மெமரி துண்டு துண்டா சிதறி இருந்தாலும் சமாளிக்கும், ஆனா விசி4க்கு ஒரே தொடர்ச்சியான மெமரி வேணும். வி3டி பக்கம் எடுத்த பஃபரை விசி4 கிட்ட கொடுத்தா வாங்கும்போதே இன்வேலிட் ஆர்கியுமென்ட்னு தள்ளிடும், ஏன்னு ஒரு வார்த்தை சொல்லாது.

அதனால என் பரிந்துரை: ஸ்கிரீனுக்கு நேரா போகப்போற பஃபரை காட்டுநரே அலகேட் பண்ணி ஆப்களுக்கு கொடுக்கட்டும். நேர்மாறா வேலண்ட்ல பொதுவா ஆப் தான் பஃபர் எடுக்கும், அங்க அதுக்கு நியாயமான காரணம் இருக்கு, ஆனா எத்தனை ஆப்னு முன்னாடியே தெரிஞ்ச கியாஸ்க்ல காட்டுநர் கொடுக்கறது தான் நிம்மதி. மெமரிக்கு வரம்பு உங்க கையில இருக்கும், எந்த ஆப்பும் நூறு பஃபர் எடுத்து சிஸ்டத்தை கவுக்க முடியாது.

ஜிபியுவே வேண்டாம், சிபியுல வரைஞ்சா போதும்னா டம்ப் பஃபர் இருக்கு. அதையும் ஃபைல் டிஸ்க்ரிப்டரா எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஆனா ரெண்டர் நோட்ல கிடைக்காது, கார்டு நோட்ல மட்டும் தான். முதல் முயற்சிக்கு இதையே எடுத்துக்கோங்க, ஜிபியு சிக்கல் எதுவும் கலக்காம சாக்கெட் பகுதியை மட்டும் சரி பாத்துடலாம்.

ஃபார்மேட், ஸ்ட்ரைடு, மாடிஃபையர்

பாதி பிரச்சினை இங்க தான் வரும். ஃபார்மேட் எக்ஸ்ஆர்24ன்னா பேர்ல சிவப்பு முதல்ல வந்தாலும் மெமரில முதல் பைட் நீலம், ஏன்னா லிட்டில் எண்டியன் வரிசை, கடைசி பைட் முதல்ல வரும். அதை ஆர்ஜிபிஏன்னு நினைச்சு படிச்சா மனுஷங்க முகமெல்லாம் நீலமா தெரியும். அந்த நீல முகத்தை பாத்தவுடனே வேற எதையும் தேடாதீங்க, ஃபார்மேட் தான்.

ஸ்ட்ரைடுன்னா ஒரு வரி ஆரம்பிச்ச இடத்துல இருந்து அடுத்த வரி ஆரம்பிக்கற இடம் வரைக்கும் எத்தனை பைட்ங்கறது. 1366க்கு 768 ஸ்கிரீனை எடுத்துக்கோங்க, பழைய லேப்டாப்ல நிறைய இருக்கும். 1366ஐ 4ஆல பெருக்கினா 5464. ஆனா ஹார்ட்வேர் வரி 64 பைட் எல்லைல தான் தொடங்கணும்னு கேட்டா அது 5504 ஆயிடும், 256 கேட்டா 5632. நீங்க 5464ன்னே வச்சு படிச்சா முதல் கேஸ்ல ஒவ்வொரு வரியும் 10 பிக்சல் நகரும், ரெண்டாவதுல 42 பிக்சல், படம் முழுக்க சாய்ஞ்சு போய் நிக்கும். 1920ல டெஸ்ட் பண்ணினா 7680, அது 64லயும் 256லயும் சரியா வகுபடும், அதனால இந்த தப்பு அங்க வெளியவே வராது. டெஸ்டுக்கு வேணும்னே 1366 மாதிரி ஒரு அகலம் வச்சுக்கோங்க. ஸ்ட்ரைடை நீங்க கணக்கு போடவே கூடாது, அலகேட் பண்ணின பிறகு ஜிபிஎம் கிட்ட கேட்டு அதையே மெசேஜ்ல அனுப்பணும்.

மாடிஃபையர் இன்னும் ஒரு படி மேல. ஜிபியு பிக்சலை வரி வரியா வைக்காம சின்ன சின்ன கட்டமா வைக்கும், சில நேரம் சுருக்கியும் வைக்கும், இன்டெல்ல ஒய் டைல், ஏஎம்டில டிசிசி, ஏஆர்எம்ல ஏஎஃப்பிசி. எந்த அடுக்குங்கறதை சொல்ற 64 பிட் எண் தான் மாடிஃபையர், நேரா வரி வரியா இருந்தா அதுக்கு எண் 0, லீனியர்னு சொல்வாங்க. ஒத்துப்போகற வழி இப்படி: காட்டுநர் பிளேனோட இன் ஃபார்மேட்ஸ் ப்ராபர்ட்டிய படிச்சு ஒரு லிஸ்ட் எடுக்கும், ஆப் இஜிஎல் (ஓபன்ஜிஎல்லை சிஸ்டத்தோட இணைக்கற லைப்ரரி) கிட்ட தான் எதையெல்லாம் வரைய முடியும்னு கேட்டு இன்னொரு லிஸ்ட் அனுப்பும், ரெண்டுலயும் பொதுவா இருக்கறதை மொத்தமா ஜிபிஎம் கிட்ட கொடுத்தா நல்லதை அதுவே தேர்ந்தெடுக்கும். எதை தேர்ந்தெடுத்துச்சுன்னு திருப்பி கேட்டு அனுப்ப மறந்துடாதீங்க. இஜிஎல் லிஸ்ட்ல எக்ஸ்டர்னல் ஒன்லின்னு குறிச்சு இருக்கறதை படிக்க மட்டும் தான் முடியும், அதுல வரைய முடியாது, அதை கழிச்சிடுங்க. பொதுவா எதுவுமே இல்லன்னா லீனியர்.

இன்னொரு விஷயம், ஆர்ஜிபி ஃபார்மேட்டுன்னா பஃபருக்குள்ள ஒரே பகுதி தான் இருக்கும்னு எழுதிடாதீங்க (இதையும் பிளேன்னு தான் சொல்வாங்க, ஆனா மேல சொன்ன ஹார்ட்வேர் பிளேன் இல்ல). இன்டெல்லோட சுருக்கின அடுக்கு சிலதுல பிக்சலுக்கு ஒரு பகுதி, சுருக்கின விவரத்துக்கு ஒரு பகுதின்னு ரெண்டு வரும். எத்தனைன்னு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஸ்ட்ரைடும் ஆஃப்செட்டும் தனியா அனுப்புங்க.

சாக்கெட் வழியா அனுப்பறது

யூனிக்ஸ் சாக்கெட்ல சீக்வென்ஷியல் பாக்கெட் வகையை எடுங்க, ஸ்ட்ரீம் வேண்டாம். ஒரு மெசேஜ் எங்க முடியுதுன்னு நீங்க தனியா கணக்கு வைக்க வேண்டியதில்ல, ஃபைல் டிஸ்க்ரிப்டரும் அதோட மெசேஜும் பிரியாம வரும். டிஸ்க்ரிப்டரை எஸ்சிஎம் ரைட்ஸ்ங்கற துணை டேட்டாவா வைக்கணும். வாங்கற பக்கம் க்ளோஸ் ஆன் எக்ஸெக் ஃப்ளாகை வாங்கும்போதே போட்டுடுங்க, இல்லன்னா பின்னாடி கிளப்பற சைல்டு ப்ராசஸ்க்கெல்லாம் உங்க பஃபர் போய் ஒட்டிக்கும். துணை டேட்டாவுக்கு இடம் பத்தலைன்னா கெர்னல் மிச்ச டிஸ்க்ரிப்டரை தூக்கி போட்டுட்டு கன்ட்ரோல் ட்ரங்கேட்டட்னு ஒரு ஃப்ளாக் மட்டும் வைக்கும், அதை கண்டிப்பா செக் பண்ணுங்க.

மெசேஜ் நாலு வகை போதும். அறிமுகம்: ஆப் தன் லிஸ்ட்டை சொல்லும். பஃபர்: எண், அகலம், உயரம், ஃபார்மேட், மாடிஃபையர், ஒவ்வொரு பகுதிக்கும் ஸ்ட்ரைடு, ஆஃப்செட், கூடவே டிஸ்க்ரிப்டர். ஃப்ரேம்: இந்த எண் பஃபர்ல வரைஞ்சாச்சு, இதோ ஃபென்ஸ் (ஜிபியு வேலை முடிஞ்சதான்னு சொல்ற அடையாளம்). விடுவிப்பு: அந்த எண்ணை நீ திரும்ப எடுத்துக்கலாம். பஃபர் மெசேஜ் ஆரம்பத்துல ஆப்புக்கு மூணு தடவை போகும், அதுக்கப்புறம் ஓடறது பூரா ஃப்ரேமும் விடுவிப்பும் தான், ஒவ்வொண்ணும் சில பைட். அனுப்பின கையோட உங்க பக்கத்து டிஸ்க்ரிப்டரை மூடிடலாம், போய் சேர வேண்டியது ஏற்கனவே போயாச்சு.

வாங்கின பக்கம் என்ன பண்ணணும்

ஆப் பக்கம்: டிஸ்க்ரிப்டரை இஜிஎல் இமேஜா மாத்தி, அதை டெக்ஸ்ச்சரா மாத்தி, ஒரு ஃப்ரேம்பஃபர் ஆப்ஜெக்ட்ல மாட்டி வரையணும். விண்டோ சர்ஃபேஸ் எதுவும் வேண்டாம், சர்ஃபேஸ்லெஸ் கான்டெக்ஸ்ட் போதும். ஓபன்ஜிஎல்லுக்கு பதிலா வல்கன்னா எக்ஸ்டர்னல் மெமரி டிஎம்ஏ-பஃப், இமேஜ் டிஆர்எம் ஃபார்மேட் மாடிஃபையர் இந்த ரெண்டு எக்ஸ்டென்ஷனும் இருக்கான்னு பாத்துக்கோங்க.

காட்டுநர் பக்கம் ரெண்டு வழி. ரெண்டு ஆப்போட பஃபரையும் ஜிஎல்ல சேத்து வரைஞ்சு ஒரே படமா காட்டலாம், இல்ல ஒவ்வொரு பஃபரையும் தனித்தனி ஹார்ட்வேர் பிளேன்ல நேரா வைக்கலாம். ரெண்டாவது கிடைச்சா பொக்கிஷம், சேக்கற வேலையை டிஸ்ப்ளே ஹார்ட்வேரே பண்ணிடும், ஜிபியு தூங்கும், வீடியோவை என்வி12ங்கற வீடியோ ஃபார்மேட்லயே வைக்கலாம். ஆனா ஹார்ட்வேர் ஒத்துக்குமாங்கறதை முன்கூட்டி சொல்ல முடியாது, அதனால அடாமிக் கமிட்டை (எல்லா மாத்தத்தையும் ஒரே மொத்தமா செய்யற கமிட்) முதல்ல டெஸ்ட் ஒன்லி ஃப்ளாகோட அனுப்பி பாருங்க, சரின்னா நிஜமா அனுப்புங்க, முடியாதுன்னா ஜிஎல் வழிக்கு போங்க.

இங்க ஒரு குழி இருக்கு, இதை எழுதி வச்சுக்கோங்க. ஒரே பஃபரை ஒரே டிவைஸ் ஃபைல்ல ரெண்டு தடவை இம்போர்ட் பண்ணினா கெர்னல் ரெண்டு தடவையும் அதே ஜெம் ஹேண்டில் எண்ணை (அந்த டிவைஸ் ஃபைலுக்குள்ள பஃபரை குறிக்கற எண்) தான் கொடுக்கும், ஆனா எத்தனை தடவை கொடுத்தோம்னு எண்ணி வைக்காது. ஒரு இடத்துல மூடினா இன்னொரு இடத்துல பிடிச்சிட்டு இருக்கறதும் செத்துடும், அப்புறம் அதே எண் வேற பஃபருக்கு போய் சம்பந்தமே இல்லாத படம் ஸ்கிரீன்ல வரும். ஹேண்டிலுக்கு நீங்களே ஒரு எண்ணிக்கை டேபிள் வச்சுக்கறது தவிர வேற வழி இல்ல.

எப்ப தொடலாம்: ஃபென்ஸ்

ஆப் ட்ரா கால் போட்டு முடிச்சதும் ஃப்ரேம் ரெடின்னு அர்த்தம் இல்ல, ஜிபியு அதை இன்னும் ஆரம்பிச்சே இருக்காது. இதை யார் கவனிக்கறாங்கங்கறதுல ரெண்டு முறை. இம்ப்ளிசிட்ல டிரைவரே பஃபர் மேல ஃபென்ஸை ஒட்டி வைக்கும், அடுத்து தொடறவங்க தானா காத்திருப்பாங்க, இன்டெல், ஏஎம்டி ஓபன்ஜிஎல்ல பல வருஷமா இப்படித்தான் ஓடுது. ஆனா அதுலயும் ஃப்ரேம் மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடி ஜிஎல் ஃப்ளஷ் கூப்பிட்டே ஆகணும், இல்லன்னா வேலையே கெர்னலுக்கு போயிருக்காது, ஒட்டறதுக்கு ஃபென்ஸும் இருக்காது. பாதி வரைஞ்ச படமும் பழைய படமும் மாறி மாறி வந்தா முதல்ல இதை பாருங்க.

எக்ஸ்ப்ளிசிட்ல ஃபென்ஸும் ஒரு ஃபைல் டிஸ்க்ரிப்டர். ஆப் நேட்டிவ் ஃபென்ஸ் எக்ஸ்டென்ஷன் வழியா எடுத்து ஃப்ரேம் மெசேஜோட அனுப்பும். புதுசா எழுதறவங்க இதையே எடுங்க, வல்கனுக்கும் இது தான் இயல்பு. ஒரு பக்கம் இம்ப்ளிசிட், ஒரு பக்கம் எக்ஸ்ப்ளிசிட்னு மாட்டிக்கிட்டா லினக்ஸ் 6.0ல இருந்து டிஎம்ஏ-பஃப்ல இருந்து ஃபென்ஸை வெளிய எடுக்கவும் உள்ள போடவும் கெர்னல்லயே வழி இருக்கு.

கெர்னல் பிளேனுக்கு இன் ஃபென்ஸ்னு ஒரு ப்ராபர்ட்டி இருக்கு, ஆப் கொடுத்த ஃபென்ஸை அப்படியே அதுல போட்டா கெர்னலே காத்திருந்து காட்டும். பாக்க அழகா இருக்கும், ஆனா பல ஆப் சேர்ந்த ஸ்கிரீன்ல நான் இதை பரிந்துரைக்க மாட்டேன். ஒரு ஆப்போட வேலை ஜிபியுல அரை செகண்ட் இழுத்தா மொத்த கமிட்டும் நிக்கும், கூட இருக்கற எல்லா ஆப்பும் உறையும். அதுக்கு பதிலா காட்டுநரோட ஈபோல் (பல டிஸ்க்ரிப்டரை ஒண்ணா கவனிக்கற) லூப்ல அந்த ஃபென்ஸ் டிஸ்க்ரிப்டரையும் சேத்துடுங்க, அது முடிஞ்சதுன்னு சொன்ன பிறகு தான் அந்த ஃப்ரேமை எடுங்க, அதுவரைக்கும் பழைய ஃப்ரேமே நிக்கட்டும். டிஎம்ஏ-பஃப் டிஸ்க்ரிப்டரையே போல் பண்ணவும் முடியும், படிக்கறதுக்குன்னு கேட்டா எழுதறவங்க முடிக்கற வரைக்கும் காத்திருக்கும், எழுதறதுக்குன்னு கேட்டா எல்லாரும் முடிக்கற வரைக்கும்.

திரும்பற வழியும் அதே அளவு முக்கியம். புது ஃப்ரேம் ஸ்கிரீனுக்கு வந்தாச்சுன்னு பேஜ் ஃப்ளிப் ஈவென்ட் வந்த பிறகு தான் பழைய பஃபருக்கு விடுவிப்பு அனுப்பணும், கமிட் அனுப்பின உடனே இல்ல. முன்னாடியே விட்டா ஸ்கிரீன் படிச்சிட்டு இருக்கற பஃபர்லயே ஆப் வரைய ஆரம்பிக்கும், படம் நடுவுல கிழியும். அதனால தான் ஆப்புக்கு மூணு பஃபர்: ஒண்ணு ஸ்கிரீன்ல, ஒண்ணு வரிசைல, ஒண்ணு வரையறதுக்கு.

சிபியுல மேப் பண்ணி எழுதறவங்க டிஎம்ஏ-பஃப் சிங்க் ஐஆக்டலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கூப்பிடுங்க. இன்டெல் லேப்டாப்ல விட்டுட்டாலும் பெரும்பாலும் ஓடிடும், ஏஆர்எம் போர்டுல கேஷ்ல தங்கிப்போன வரித்துண்டுகள் சின்ன சின்ன கோடா படத்துல தெரியும்.

நம்பாத ஆப், செத்துப்போன ஆப்

பஃபரை ஆப் பக்கம் அலகேட் பண்ண விட்டிருந்தா அது சொல்ற அளவை நம்பாதீங்க. டிஎம்ஏ-பஃப் டிஸ்க்ரிப்டர்ல எல்சீக் போட்டு கடைசிக்கு போனா நிஜ அளவு கிடைக்கும். லீனியர் பஃபர்னா ஸ்ட்ரைடை உயரத்தால பெருக்கி ஆஃப்செட்டை கூட்டி அதுக்குள்ள வருதான்னு பாருங்க, பெருக்கறதை 64 பிட்ல பண்ணுங்க. சாக்கெட்டுக்கு அந்த பக்கம் யாருன்னு பியர் க்ரெட் கேட்டு தெரிஞ்சுக்கலாம். ஒரு ப்ராசஸ் திறக்கக்கூடிய டிஸ்க்ரிப்டர் பொதுவா 1024 தான், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு ஃபென்ஸை மூடாம விட்டா 60 ஃப்ரேம்ல 17 செகண்ட்ல தீந்துடும்.

ஆப் க்ராஷ் ஆனா சாக்கெட் அறுந்த தகவல் வரும், ஆனா உங்க பக்கம் பஃபர் உயிரோட தான் இருக்கும், கடைசி ஃப்ரேம் ஸ்கிரீன்ல அப்படியே நிக்கும். அதை அப்படியே வச்சு ஆப்பை திரும்ப கிளப்பறதா, இல்ல கறுப்பாக்கறதாங்கறது உங்க முடிவு. வேகம், எச்சரிக்கை மாதிரி தகவல் காட்டற ஸ்கிரீன்ல உறைஞ்ச படத்தை விட கறுப்பு தான் சரி, பழைய எண்ணை பாத்து ஒருத்தர் முடிவெடுக்கக்கூடாது.

வேற ஹார்ட்வேருக்கு போகும்போது

என்விடியாவோட சொந்த டிரைவர்ல ரொம்ப நாள் இஜிஎல் ஸ்ட்ரீம்ஸ்னு வேற வழி, 2021ல வந்த 495 டிரைவர்ல இருந்து ஜிபிஎம் ஆதரவு இருக்கு. என்விடியா டிஆர்எம் மாட்யூலுக்கு மோட்செட் 1ன்னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. ரெண்டு ஜிபியு இருக்கற லேப்டாப்ல ஒண்ணுல வரைஞ்சு இன்னொண்ணுல காட்டணும்னா ஒருத்தர் டைல் முறை அடுத்தவருக்கு புரியாது, லீனியர்ல போங்க, ஒரு காப்பி செலவு வந்தாலும் பரவால்ல.

விஆர் ஹெட்செட் மாதிரி ஒரு முழு ஸ்கிரீனையே ஒரு ஆப்புக்கு விட்டுடணும்னா பஃபரை பகிரறதை விட டிஆர்எம் (கெர்னல்ல ஜிபியுவையும் ஸ்கிரீனையும் கையாளற பகுதி) லீஸ் நல்லது. கீத் பேக்கார்ட் எழுதினது, லினக்ஸ் 4.15ல இருந்து இருக்கு, மாஸ்டரா இருக்கற காட்டுநர் ஒரு கனெக்டரையும் அதோட பிளேனையும் மட்டும் தனியா பிரிச்சு இன்னொரு ப்ராசஸ் கையில டிஸ்க்ரிப்டரா கொடுத்துடலாம்.

ஏதாவது கசியுதுன்னு சந்தேகம் வந்தா ரூட்டா டீபக் எஃப்எஸ் (கெர்னலோட உள் விவரம் காட்டற ஃபைல் சிஸ்டம்) உள்ள டிஎம்ஏ பஃப் ஃபோல்டர்ல பஃப் இன்ஃபோ ஃபைலை திறங்க. உயிரோட இருக்கற ஒவ்வொரு பஃபரோட அளவு, அதை எக்ஸ்போர்ட் பண்ணின டிரைவர், எந்த டிவைஸ்ல மாட்டி இருக்குன்னு எல்லாம் வரும். ஆப்களை ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே அந்த ஃபைலை திரும்ப திரும்ப படிங்க, மூடின பிறகும் எண்ணிக்கை குறையலைன்னா காட்டுநர் பக்கம் ஒரு டிஸ்க்ரிப்டரோ ஜெம் ஹேண்டிலோ மூடாம கிடக்கு, ப்ராக் ஃபோல்டர்ல அந்த ப்ராசஸோட எஃப்டி லிஸ்ட்டை பாத்தா ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிடும்.